அவனைச் சூடாக்கு: ஒரு கேரட் கேக்கும் கொஞ்சம் ஆங்கிலமும்

ஊட்டிக்குப் பக்கத்தில், கேத்தியில் எங்கள் வீட்டு அடுப்படி சின்னது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசற்படியில்தான் நிற்க வேண்டும். ஆனாலும் வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் அங்கேதான் வகுப்பு. முன்பெல்லாம் கூடத்தில் பாய் விரித்து, புத்தகத்தை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். ‘ஐ கோ, யூ கோ, ஹீ கோஸ்’ என்று நோட்டில் அழகாக எழுதிக்கொள்வார்கள். கேட்டால் ஒப்பிப்பார்கள். தெருவில் இறங்கினால் ஒரு சொல் வராது.

மாடி அறையைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் ஒருத்தி ஒருநாள் சொன்னாள்: “டீச்சர், கிராமர் எல்லாம் சரி. கெஸ்ட் வந்து இந்தக் கேக் எப்படிச் செஞ்சீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டா, நான் சிரிச்சுட்டு உள்ளே போயிடறேன்.”

அடுத்த வாரம் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, மைதா டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஆங்கிலம் புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரு கேக் குறிப்பைப் போல வசதியான பாடம் வேறு இல்லை என்பது என் கட்சி. மொத்தமே பத்துப் பன்னிரண்டு வாக்கியம். ‘நான், அவள், அவர்கள்’ தொல்லை இல்லை. நேற்றா நாளையா என்ற குழப்பம் இல்லை. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் கை ஒரு வேலை செய்கிறது. அர்த்தம் தெரியாமல் போக வழியே இல்லை. தப்பாகப் புரிந்துகொண்டால் கேக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

கேரட் கேக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எங்கள் பள்ளத்தாக்கில் கேரட்டுக்குப் பஞ்சமில்லை. கேத்தி பாலாடா பக்கம் போனால் மெஷினில் கழுவி மூட்டை கட்டிய கேரட் லாரி ஏறிக்கொண்டிருக்கும். ஊட்டி வர்க்கியைத்தானே சொல்லித்தர வேண்டும் என்று கேட்காதீர்கள். அதற்கு விறகு அடுப்பும், பழகிய கையும், பொழுதும் வேண்டும். வீட்டு வேலை இல்லை அது.

பொருள்களை முதலில் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். மைதா ஒரு கப், அதாவது சுமார் 125 கிராம். சர்க்கரை முக்கால் கப். எண்ணெய் அரை கப். முட்டை இரண்டு. துருவிய கேரட் ஒரு கப். பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன். பட்டைத்தூள் அரை டீஸ்பூன். உப்பு ஒரு சிட்டிகை. கப் என்றால் 240 மில்லி பிடிக்கும் அளவுக் கப். காப்பி டம்ளர் இல்லை.

இனி ஆங்கிலக் குறிப்பு. வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள்.

‘பிரீஹீட் தி அவன் டு ஒன் எய்ட்டி டிகிரீஸ். கிரீஸ் எ கேக் டின். சிஃப்ட் தி ஃப்ளவர், பேக்கிங் பவுடர், சினமன் அண்ட் சால்ட் இன்டு எ போல். பீட் தி எக்ஸ் அண்ட் ஷுகர் அன்டில் பேல். போர் இன் தி ஆயில் அண்ட் மிக்ஸ். ஃபோல்ட் இன் தி ஃப்ளவர். ஆட் தி கிரேட்டட் கேரட். போர் தி பேட்டர் இன்டு தி டின். பேக் ஃபார் தர்ட்டி ஃபைவ் மினிட்ஸ், ஆர் அன்டில் எ டூத்பிக் கம்ஸ் அவுட் கிளீன். டேக் இட் அவுட். லெட் இட் கூல்.’

முதல் வாக்கியத்தைப் படித்ததுமே எங்கள் வகுப்பு சிரிப்பில் மூழ்கிவிட்டது. நாமெல்லாம் ‘ஓவன்’ என்று சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் அதன் உச்சரிப்பு கிட்டத்தட்ட நம் ‘அவன்’தான். “பிரீஹீட் தி அவன்” என்று நான் படித்தவுடன் ஒருத்தி கேட்டாள், “எவனை டீச்சர்?” அன்றிலிருந்து அந்தச் சொல்லை யாரும் ‘ஓவன்’ என்று சொல்வதில்லை. நீங்களும் இனி மறக்க மாட்டீர்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது வாக்கியத்தைச் சுருக்கி எடுத்துக்கொள்ளுங்கள்: ‘சிஃப்ட் தி ஃப்ளவர் இன்டு எ போல்.’ தமிழில் எப்படிச் சொல்வோம்? ‘ஒரு கிண்ணத்தில் மைதாவைச் சலி.’ இப்போது தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள். சலி, மைதாவை, கிண்ணத்தில். ஆங்கில வரிசை அதுதான். நாம் எங்கே, எதை என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் வேலையைச் சொல்கிறோம். அவர்கள் வேலையைச் சொல்லிவிட்டு, பிறகு எதை, எங்கே என்று போகிறார்கள். எங்கள் ஊரில் படுகர்களின் மொழியான படுகு பேசும் வீடுகள் அதிகம். அதிலும் தமிழைப் போல வினை கடைசியில்தான். ஆக, என் அடுப்படியில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே சிக்கல்: வாக்கியத்தைத் தொடங்கும்போது கையில் பெயர்ச்சொல் இருக்கும், வினையைத் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘கிண்ணத்தில்’ என்பதில் ‘இல்’ வாலாகப் பின்னால் ஒட்டுகிறது. ‘இன்டு எ போல்’ என்பதில் அதே வேலையைச் செய்யும் ‘இன்டு’ முன்னால் வந்து நிற்கிறது. வாக்கியம் மட்டுமல்ல, அதன் துண்டுகளும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நிற்கின்றன. இது பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

நான் செய்யச் சொல்லும் பயிற்சி சாதாரணமானது. சல்லடையைக் கையில் எடுக்கும்போதே ‘சிஃப்ட்’ என்று சொல்லிவிட வேண்டும். மீதி வாக்கியத்தை யோசிக்க நேரம் உண்டு. மாவு சலிக்க எப்படியும் ஒரு நிமிடம் ஆகும். முட்டையடிக்கும் கரண்டியை எடுத்தால் ‘பீட்’. வாய் முதலில் வினையைச் சொல்லப் பழகிவிடுகிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த வினைச்சொற்களில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ‘மிக்ஸ் பண்ணு’, ‘ஆட் பண்ணு’, ‘கட் பண்ணு’, ‘ஹீட் பண்ணு’, ‘ஓப்பன் பண்ணு’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே! ‘பண்ணு’வைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கி வாக்கியத்தின் முன்னால் வையுங்கள். ‘இதை மிக்ஸ் பண்ணு’ என்பது ‘மிக்ஸ் இட்’ ஆகிவிடும். ‘கதவை ஓப்பன் பண்ணு’ என்பது ‘ஓப்பன் தி டோர்’.

ஆனால் எல்லா ‘பண்ணு’வும் இப்படிக் கழன்றுவராது. ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்பதில் ‘பண்ணு’வை எடுத்துவிட்டு ‘ஆஃப் தி லைட்’ என்று சொல்பவர்கள் நம்மில் ஏராளம். ‘ஆஃப்’ ஒரு வினைச்சொல் இல்லை. அதற்கு முன்னால் ‘டர்ன்’ வேண்டும்: ‘டர்ன் ஆஃப் தி லைட்.’ கேக் வெந்ததும் ‘டர்ன் ஆஃப் தி அவன்’. கையால் குமிழைத் திருப்புகிறோம் இல்லையா, அந்தத் திருப்புதல்தான் ‘டர்ன்’. குமிழைத் திருப்பிக்கொண்டே நாலு முறை சொன்னால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

‘ரெசிப்பி’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பலர் அதை ‘ரெசைப்’ என்று படிக்கிறார்கள்; எழுத்து அப்படி ஏமாற்றும். மூன்று அசை, ரெ-சி-பி. அது லத்தீனில் ஒரு கட்டளை வினை. ‘எடுத்துக்கொள்’ என்று பொருள். அந்தக் காலத்து மருத்துவர்கள் மருந்துச் சீட்டை இந்தச் சொல்லோடுதான் தொடங்குவார்கள். இன்றைக்கும் டாக்டர் சீட்டின் தலையில் ஆர் எழுத்தின் காலில் ஒரு கோடு கிழித்தது போல ஒரு குறி இருக்கிறதே, அது இந்தச் சொல்லின் சுருக்கம்தான். ஆக, அந்தப் பெயரே வினையில் ஆரம்பிக்கிறது.

அடுத்து ‘எ’, ‘தி’. தமிழில் இந்தச் சமாச்சாரம் இல்லை என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டி கதை எப்படி ஆரம்பிக்கும்? ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி.’ முதல் தடவை ‘ஒரு’, அடுத்த தடவை ‘அந்த’. அவ்வளவுதான் விஷயம். குறிப்பைப் பாருங்கள்: ‘கிரீஸ் எ கேக் டின்’ என்று முதலில் வருகிறது, ஏதோ ஒரு டின். கடைசியில் ‘போர் தி பேட்டர் இன்டு தி டின்’, நாம் எண்ணெய் தடவி வைத்தோமே, அந்த டின்.

அப்படியானால் அவனுக்கு மட்டும் ஏன் எடுத்த எடுப்பிலேயே ‘தி’? அடுப்படியில் இருப்பது ஒன்றே ஒன்று, எது என்று கேட்க வேண்டியதில்லை. ‘தி ஃப்ளவர்’, ‘தி எக்ஸ்’, ‘தி ஆயில்’ எல்லாம் மேலே பட்டியலில் சொல்லி அளந்து வைத்தாயிற்று. டூத்பிக் மட்டும் ‘எ டூத்பிக்’. டப்பாவில் நூறு கிடக்கிறது, எதையாவது ஒன்றை எடுத்துக் குத்திப் பார்க்க வேண்டியதுதான். தமிழில் ‘ஒரு’வையும் ‘அந்த’வையும் விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும், ஆங்கிலத்தில் விட்டால் நொண்டும். வித்தியாசம் அதுதான்.

எண்ணிக்கை விஷயத்தில் தமிழ் தெரிந்தவருக்கு இன்னும் சுலபம். ‘எத்தனை முட்டை?’, ‘எவ்வளவு சர்க்கரை?’ என்று நாம் இரண்டு சொல் வைத்திருக்கிறோம். ‘ஹவ் மெனி எக்ஸ்?’, ‘ஹவ் மச் ஷுகர்?’ என்று அப்படியே போடலாம். எண்ணக்கூடியதற்கு எத்தனை, ‘மெனி’. அளக்கிறதற்கு எவ்வளவு, ‘மச்’. இதில் கேரட் செய்கிற வேடிக்கையைக் கவனியுங்கள். முழுதாக இருக்கும்போது ‘டூ கேரட்ஸ்’. துருவியில் தேய்த்து முடித்ததும் ‘எ கப் ஆஃப் கிரேட்டட் கேரட்’. கடைசி ‘ஸ்’ துருவலோடு போய்விட்டது. எண்ண முடியாததாக மாறிவிட்டது அல்லவா!

தமிழ் நம்மை ஏமாற்றும் இடமும் இருக்கிறது. ‘மாவு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஒப்பேற்றிவிடுகிறோம். டப்பாவில் இருக்கும் பொடியும் மாவு, தோசைக்குக் கரைத்ததும் மாவு, சப்பாத்திக்குப் பிசைந்ததும் மாவு. ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு. பொடி ‘ஃப்ளவர்’, கரைத்து ஊற்றுகிற பதத்தில் ‘பேட்டர்’, பிசைந்து உருட்டுகிற பதத்தில் ‘டோ’. கேக்குக்கு பேட்டர், பன்னுக்கு டோ. பிசைவதற்கு ‘நீட்’ என்று பெயர். எழுதும்போது முன்னால் ஒரு ‘கே’ இருக்கும், வாயில் வராது. ‘டோ’வின் எழுத்தும் அப்படித்தான், பார்த்தால் ‘டவ்’ என்று படிக்கத் தோன்றும். ‘ஃப்ளவர்’ பூவுக்கும் மைதாவுக்கும் ஒரே ஒலி, எழுத்து வேறு. ‘பேட்டர்’, ‘பட்டர்’ இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிடாதீர்கள். முன்னதற்கு வாயை அகலத் திறந்து இழுக்க வேண்டும், பின்னது நம் ‘அ’ போலச் சுருக்கம்.

‘சுடு’ என்பதும் அப்படியே. தோசை சுடுகிறோம், வடை சுடுகிறோம், அப்பளம் சுடுகிறோம், கேக்கும் சுடுகிறோம். ஆங்கிலத்தில் கேக்குக்கும் ரொட்டிக்கும்தான் ‘பேக்’. மூடின சூட்டில், எண்ணெயில் முங்காமல் வேகுவது. வடைக்கு ‘ஃப்ரை’. தோசைக்குப் பேசாமல் ‘மேக்’ என்று சொல்லிவிடலாம். ‘ஐ பேக்ட் எ தோசா’ என்று விருந்தாளியிடம் சொன்னால் அவர் அவனைத்தான் தேடுவார்.

அடிப்பதில் மட்டும் இரண்டு மொழிக்கும் ஒற்றுமை. முட்டையை நாமும் அடிக்கிறோம், அவர்களும் ‘பீட்’ பண்ணுகிறார்கள். ‘கிரீஸ்’ என்பது பெயர்ச்சொல்லே வினையாகிவிட்ட கதை. கொழுப்பு என்ற பொருளே ‘கொழுப்புத் தடவு’ என்ற வேலையாகிவிடுகிறது. ‘வாட்டர் தி பிளான்ட்ஸ்’ என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்று. இந்த ஊரில் வாசல் முழுக்க ஜெரேனியம் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உடனே பயன்படும் வாக்கியம்.

‘ஃபோல்ட் இன்’ என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் கேக் கெட்டுப்போவதும், பாடம் பிடிபடுவதும் இந்த இடத்தில்தான். அகராதியில் ‘ஃபோல்ட்’ என்றால் மடி. துணியை மடி, கம்பளியை மடி. மாவை எப்படி மடிப்பது? தட்டைக் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தைக் கிண்ணத்தின் நடுவில் கத்திபோல அடிவரை இறக்குங்கள். அடியை ஒட்டி உங்கள் பக்கம் இழுங்கள். சுவர் ஓரமாக மேலே வந்து, தூக்கிய கலவையை மேலே உள்ள மைதாவின் மீது மெதுவாகக் கவிழுங்கள். கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் அதே மாதிரி. கம்பளியின் ஒரு முனையைத் தூக்கி மறுமுனை மீது போடுவோமே, அதேதான். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் முட்டையை அடித்து உள்ளே ஏற்றின காற்றெல்லாம் போய்விடும். மைதாவும் இழுபட்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் அங்கே ‘மிக்ஸ்’ என்று போடாமல் ‘ஃபோல்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒருத்தி அதைச் செய்துகொண்டே, “போர்வை மடிக்கிறது ஃபோல்ட், இது ஃபோல்ட் இன், உள்ளே மடிக்கிறது” என்றாள். நான் விளக்க வைத்திருந்த அரைப் பக்கம் மிச்சமானது.

‘இன்’, ‘அவுட்’, ‘இன்டு’ போன்ற சின்னச் சொற்களுக்கு அகராதியில் பொருள் தேடுவது வீண் வேலை. டின்னை உள்ளே வைத்துக்கொண்டே ‘புட் இட் இன்’, எடுத்துக்கொண்டே ‘டேக் இட் அவுட்’. கை போகும் திசைதான் அர்த்தம்.

‘அன்டில்’ என்றால் ‘வரை’. ‘அன்டில் பேல்’: நிறம் வெளுக்கும் வரை. இங்கே ஓர் எச்சரிக்கை. குறிப்பு எழுதுகிறவர்கள் தந்தி அடிப்பதுபோலச் சொற்களை மிச்சப்படுத்துவார்கள். ‘பேக் ஃபார் தர்ட்டி ஃபைவ் மினிட்ஸ்’ என்பார்கள்; எதை பேக் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். வாயால் பேசும்போது ‘பேக் இட்’, ‘அன்டில் இட் இஸ் பேல்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். குறிப்பு மொழியை அப்படியே பேசினால் பட்டியல் வாசிப்பது போல இருக்கும்.

கட்டளையைப் பற்றியும் சந்தேகம் வரும். ‘மிக்ஸ்’, ‘ஆட்’ என்று வெறுமனே சொன்னால் மரியாதை இல்லாத மாதிரி இல்லையா? நம் சமையல் புத்தகங்களில் ‘கலக்கவும்’, ‘சேர்க்கவும்’ என்று இருக்குமே, அந்தத் தொனிதான் இது. யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் ‘உட்காரவும்’ என்றா சொல்கிறோம்? ‘உட்காருங்க’ என்கிறோம். ஆங்கில வினைக்கு ‘உங்க’ விகுதி கிடையாது. அதனால் மரியாதையை வெளியே இருந்து ஒட்ட வேண்டும்: ‘ப்ளீஸ் சிட் டவுன்.’ டீ வேண்டுமா என்று கேட்க ‘வுட் யூ லைக் சம் டீ?’ பக்கத்தில் நிற்பவரிடம் சர்க்கரை கேட்க ‘குட் யூ பாஸ் மீ தி ஷுகர்?’ அடுப்படியில் நாங்கள் பாத்திரம் கைமாற்றும்போதெல்லாம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் சர்க்கரை வராது.

அளவுச் சுருக்கங்களில் ஒரு பொறி இருக்கிறது. ‘டி எஸ் பி’ என்றால் டீஸ்பூன், 5 மில்லி. நடுவில் ஒரு ‘பி’ சேர்ந்து ‘டி பி எஸ் பி’ ஆனால் டேபிள்ஸ்பூன், 15 மில்லி. ஒரு எழுத்துக்கு மூன்று மடங்கு. வகுப்பில் ஒருத்தி வீட்டில் தனியாகச் செய்து பார்த்தபோது பேக்கிங் பவுடரை டேபிள்ஸ்பூனில் போட்டுவிட்டாள். கேக் டின்னை விட்டு எழுந்து வழிந்தது, வாயில் வைத்தால் கசப்பு. வெப்ப அளவிலும் கவனம் வேண்டும். அமெரிக்கக் குறிப்புகளில் 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட். நமக்கு ஏறக்குறைய 180 செல்சியஸ். நம் வீட்டு ஓடிஜி, அதாவது சின்ன மின்சார அவனின் குமிழ் 250க்கு மேல் போகாது என்பதால் வீடு பிழைத்தது.

அவன் இல்லாதவர்கள் குக்கரில் செய்யலாம். அடியில் உப்பைப் பரப்பி, ஒரு ஸ்டாண்டை வைத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, பத்து நிமிடம் சூடேற்றிக்கொண்டு, டின்னை உள்ளே இறக்கி மூடிச் சிறு தீயில் வையுங்கள். ‘பிரீஹீட் தி குக்கர்’ என்று மாற்றிச் சொன்னால் பாடத்துக்குக் குறைவில்லை.

மலையில் கேக் சுடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், சமவெளிக்காரர்கள் எழுதிய குறிப்பை அப்படியே நம்பி ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கேக் ஜம்மென்று எழும்பியது. வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடம் நடுவில் குழி. ‘தி கேக் ரோஸ். தென் இட் சேங்க்.’ எழும்பியது, பிறகு அமுங்கியது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். தண்ணீர்கூட 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கேத்தி அதைவிடச் சற்று இறக்கம், ஆனால் கதை அதேதான். மேலிருந்து அழுத்தும் காற்று குறைவு என்பதால் உள்ளே உண்டாகும் வாயு அவசரமாக விரிகிறது. கேக்கின் சுவர் வெந்து கெட்டியாவதற்குள் குமிழ்கள் பெருத்து உடைந்துவிடுகின்றன. அதனால்தான் மேலே முக்கால் டீஸ்பூன் என்று சொன்னேன். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பவர்கள் ஒரு டீஸ்பூனாகப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே சூட்டையும் பத்து டிகிரி கூட்டி 190ல் வைத்தால் சுவர் சீக்கிரம் நிற்கும். வாக்கியத்தில் ‘ஒன் எய்ட்டி’ இருக்கும் இடத்தில் ‘ஒன் நைன்ட்டி’. எண் சொல்லிப் பழக அதுவும் ஒரு சாக்கு.

இன்னொரு சொல், ‘அட் ரூம் டெம்பரேச்சர்’. முட்டையும் வெண்ணெயும் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று நிறையக் குறிப்புகளில் பார்ப்பீர்கள். யாருடைய அறை? அவர்கள் மனதில் இருப்பது 20 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின். சென்னையில் மே மாதம் வெண்ணெயை வெளியே வைத்தால் உருகி ஓடும். எங்கள் வீட்டில் ஜனவரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக நிற்கும், வெளியே புல்லில் உறைபனி. முட்டையைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைத்தால்தான் எங்களுக்கு ‘ரூம் டெம்பரேச்சர்’ வரும். சொற்களின் அர்த்தம் தெரிந்தால் போதாது, அது எந்த ஊர் அறை என்றும் தெரிய வேண்டும்.

ஒரு வாரம் குறிப்பை வைத்துச் செய்தாயிற்று என்றால், அடுத்த வாரம் குறிப்பைப் பார்க்காமல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ‘ஐ பேக்ட் எ கேக். ஐ சிஃப்டட் தி ஃப்ளவர். ஐ ஆடட் தி கேரட்.’ வினை முன்னால் நின்ற இடத்துக்கு முன் ஒரு ‘ஐ’யைச் செருகினோம், வினையை இறந்தகாலத்துக்கு மாற்றினோம், அவ்வளவுதான். இதில் ஓர் ஒலிக் கணக்கு உண்டு. வினையின் கடைசி ஒலி ‘ட்’ வகையாக இருந்தால் மட்டும் ‘டட்’ என்று ஓர் அசை கூடும்: ஆடட், ஃபோல்டட், சிஃப்டட், கிரேட்டட். மற்றதற்கெல்லாம் அசை கூடாது: பேக்ட், மிக்ஸ்ட், போர்ட். எழுத்தைப் பார்த்து ‘பேக்கெட்’ என்று படிக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். ‘பீட்’, ‘கட்’, ‘புட்’, ‘லெட்’ நான்கும் சோம்பேறிகள். நேற்றும் இன்றும் ஒரே உருவம். ‘ஐ பீட் தி எக்ஸ்’ என்றால் நேற்றாகவும் இருக்கலாம்.

எத்தனை குறிப்பு கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒன்றையே நாலு முறை செய்யுங்கள் என்பேன். முதல் முறை படித்துக்கொண்டு, இரண்டாம் முறை இன்னொருவருக்குக் கட்டளையாகச் சொல்லி, மூன்றாம் முறை நடந்ததைக் கதையாக. நாலாவது முறை மரியாதையோடு உதவி கேட்டு. இணையத்தில் இருபது வீடியோ பார்ப்பதைவிட இது மேல். கேக்கும் நாலு கிடைக்கும்.

கடைசி வாக்கியம் ‘லெட் இட் கூல்’. அதை ஆற விடு. ‘லெட்’ என்பது நம் ‘விடு’தான், இடம் மட்டும் மாறி முன்னால் வந்து நிற்கிறது. போன வியாழக்கிழமை இதை விளக்கிக்கொண்டிருந்தேன். கேக்கைக் கவிழ்த்துக் கம்பித்தட்டில் வைத்திருந்தோம். பட்டைத்தூள் வாசனைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மூன்று பேர் வாசற்படியில் நின்றுவிட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் ஆற வேண்டும், சூட்டோடு வெட்டினால் உதிரும் என்று நான் சொல்லிக்கொண்டே ‘லெட் இட் கூல், லெட் இட் கூல்’ என்று எல்லோரையும் சொல்ல வைத்தேன். மாடி அறைக்காரி மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பார்த்தாள், கேக்கைப் பார்த்தாள், கத்தியை எடுத்தாள்.

“லெட் தெம் ஈட், டீச்சர்.”